சூளைக்குள்ள என் கைக்கு வந்த மண்ணு

நீ சிரிச்சாலும் பரவால்லபா, சொல்லிடறேன். பேய் பிசாசுன்னு எவனாச்சும் ஆரம்பிச்சா துண்டை உதறிக்கினு எழுந்து போற ஆளு நான். ஐயம்பேட்டைக்கு வெளிய எங்க சூளை இருக்குது, சுத்தி வயலு, ராத்திரில தனியா அங்கியே படுத்துத் தூங்கினவன், ஒரு பயம் கெடையாது.

போன ஐப்பசி மழையில சூளைக்குள்ள தண்ணி பூந்து தரை நடுவுல உள்வாங்கிடுச்சு. கார்த்திகைக்கு அகல் விளக்கு சுட்டுக் குடுக்கணும், காஞ்சிபுரத்துக் கடைக்காரங்க எங்களை நம்பிக்கினு இருக்காங்க, தரை சரியில்லன்னா அடுக்கு சாஞ்சு அத்தனையும் ஒடஞ்சிடும். என் பொண்டாட்டி கலா காலையில கூரத்துல அவங்க அம்மாவப் பாக்கப் போனா, மத்தியானத்துக்குள்ள வந்து மண்ணு எடுத்துக் குடுக்கறேன்னு சொல்லிட்டு.

நான் மட்டும் உள்ள பூந்து பேந்த செங்கல்ல எடுத்தா, கீழ பள்ளம். ஒடஞ்ச ஓடு, செங்கல் தூளுன்னு கொட்டறேன், உள்ள போய்க்கினே இருக்குது. ஒருவழியா நெரப்பிட்டு, வாசலுக்கு முதுகு காட்டிக் குந்திக்கினு, கையோட எடுத்துக்கினு போன மண்ணை வச்சு பூச ஆரம்பிச்சேன். அது தீர்ற நேரம் வெளிய வளையல் சத்தம்.

"வந்துட்டியாமா?"ன்னேன்.

"ம்"னு கேட்டுச்சு.

பின்னாடி கைய நீட்டினேன், உமி கலந்த களிமண்ணு உருண்டையா கையில வந்து உக்காந்துச்சு. நான் நீட்டறேன், அவ குடுக்கறா, வேலை அது பாட்டுக்கு ஓடுது. நடுவுல, "ஏங்க, நல்லா கெட்டியா மூடுங்க, சூடு கீழ எறங்குது"ன்னா. அவ குரல்தான்பா, சத்தியமா. சரியாத்தான் சொல்றான்னு இன்னும் அழுத்திப் பூசினேன்.

அப்ப பையில போன் அடிச்சுது. கலா.

"ஏங்க, ஷேர் ஆட்டோவே வரலங்க, இன்னும் கூரத்துலயேதான் நிக்கிறேன்."

ஒரு கையில போன். இன்னொரு கை பின்னாடி நீட்டினபடியே இருக்குது, அதுல அடுத்த உருண்டை வந்து உக்காந்துச்சு.

எப்பத் திரும்பினேன்னு தெரியல. வாசல்ல பட்டப்பகல் வெயில்தான் இருந்துச்சு. வெளிய பெசஞ்சு வச்ச மண்ணு மேல நான் போத்தின ஈர சாக்கு கலையாம கெடந்துச்சு.

கலா பயந்துடுவான்னு எதுவும் சொல்லல. பூச்சு காஞ்சு, நாலு நாள் கழிச்சு விளக்கெல்லாம் அடுக்கிட்டு கொளுத்தப் போறோம், அவ சூளை வாசல்ல குனிஞ்சு, "பத்த வைக்கப் போறோம், பாத்துக்கோங்க"ன்னா.

"யார்கிட்டமா சொல்ற?"

என்னை ஒரு மாதிரி பாத்தா. "நீங்கதான நேத்து உள்ள இருந்துக்கினு சொன்னீங்க, பத்த வைக்கறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுன்னு?"

நேத்து பூரா நான் வெறகு பாக்க தாமல் ஊர்ல இருந்தேன்பா.

விளக்கு ஒண்ணு கூட ஒடையல. இன்னிக்கும் ஒவ்வொரு தடவையும் அவ குனிஞ்சு குரல் குடுக்கறா. நான் மட்டும் அந்த நேரத்துல தள்ளிப் போயிடுவேன், உள்ள இருந்து என் குரல்ல பதில் வந்துட்டா என்னா பண்றது?