சிரிக்கக் கூடாத பத்து நாட்கள்

நான் பிறந்தபோது என் மேலுதடு இடப்பக்க மூக்குத் துவாரம் வரை பிளந்திருந்தது. அதற்குக் காரணம் அம்மாதான் என்று நீர்வேலியில் எங்கள் ஒழுங்கை முழுவதும் நம்பியது. நான் வயிற்றில் இருந்த காலத்தில் ஒரு சூரிய கிரகணம் வந்ததாம். பிள்ளைத்தாச்சிகள் அந்த நேரம் வீட்டுக்குள் படுத்திருக்க வேண்டும், கத்தி தொடக் கூடாது. மூன்று வயது அண்ணை பசியில் வீரிட்டு அழுததைத் தாங்க மாட்டாமல் அம்மா எழுந்துபோய் ஒரு மாங்காயைக் கீறிக் கொடுத்துவிட்டார். அந்தக் கீறல்தான் என் உதட்டில் விழுந்தது என்று மாமி சொன்னார். மாமி ஐயாவின் மூத்த தமக்கை, பக்கத்து வளவில் இருந்தவர். அம்மாவும் அதை நம்பினார். நான் பிறந்த பிறகு அவர் மாங்காயை வெட்டவே இல்லை. எங்கள் வீட்டில் அது ஐயாவின் வேலை.

நான் துக்கப்பட்டுக்கொண்டே வளர்ந்தேன் என்று எண்ண வேண்டாம். வாழைத்தோட்டத்துக்கு இறைக்கும் நாட்களில் வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு அண்ணையோடு இருப்பேன். வாழைப்பூவின் மடலை ஒவ்வொன்றாக உரித்து உள்ளே இருக்கும் தேனை உறிஞ்சுவோம். எனக்குப் பாதி தேன் தாடையில் வழியும். அண்ணை தன் சாரத்து நுனியால் துடைத்துவிடுவான். ஆட்கள் வந்தால் மட்டும் அம்மா என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொள்வார். அவருடைய சேலையின் பின்பக்கத்தை நான் அறிந்த அளவுக்கு வேறெதையும் அறியவில்லை.

எனக்கு ஏழு வயதானபோது பள்ளிக்கூடத்துக்கு அம்மைப்பால் குத்துகிறவர் வந்தார். என் கையில் குத்திவிட்டு முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று பின்னேரமே சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுப் படலைக்கு வந்துவிட்டார்.

"உந்தச் சொண்டைத் தைக்கலாம், தெரியுமோ? பொம்பிளையளின்ரை மிஷன் ஆசுப்பத்திரியிலை ஒரு வெள்ளைக்கார டாக்குத்தர் அம்மா இருக்கிறா. கொண்டுபோய்க் காட்டுங்கோ" என்றார்.

ஐயா அம்மாவைப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்ட மாமி உள்ளே வந்துவிட்டார்.

"சிவபெருமான் தந்த முகத்தை வெட்டித் தைக்கிறதோ? பெட்டைக்கு ஏதும் நடந்தா ஆர் பதில் சொல்லுறது?"

மாமியின் பேச்சுக்கு அம்மா ஒருநாளும் மறுபேச்சுப் பேசியதில்லை. அன்று பேசினார். "கீறினது நான். தைப்பிக்கிறதும் நான்தான். வாற திங்கட்கிழமை போறம்."

திங்கட்கிழமை விடிய மாட்டுவண்டியில் போனோம். டாக்குத்தர் அம்மா வயதானவர், ஒல்லியானவர். புத்தகம் படிப்பதுபோலத் தமிழ் பேசினார். என் உதட்டைத் தொட்டுப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், வாய்க்குள் விளக்கடித்து அண்ணம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு எப்படி வந்தது என்று கேட்டார். அம்மா அழுதுகொண்டே கிரகணத்தைச் சொன்னார், மாங்காயைச் சொன்னார், கத்தியைச் சொன்னார். எல்லாம் கேட்ட பிறகு டாக்குத்தர் அம்மா விசாரித்தார்.

"அப்போது உங்களுக்கு எத்தனை மாதம்?"

"ஏழு முடிஞ்சு எட்டு நடந்தது, அம்மா."

"குழந்தையின் உதடு இரண்டாம் மாதத்திலேயே இரண்டு பக்கமிருந்தும் வந்து ஒட்டிவிடும். இந்தப் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒட்டவில்லை. நீங்கள் கத்தியை எடுத்த அன்று இது நடந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது."

அம்மா விரல் விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"எங்கள் நாட்டில் இதை முயலின் மேல் போடுவார்கள்" என்றார் டாக்குத்தர் அம்மா. "கர்ப்பிணியின் வழியில் முயல் குறுக்கே ஓடினால் பிள்ளைக்கு இப்படி வருமாம்."

"முயலோ?" என்று கேட்ட அம்மாவுக்குக் கண்ணில் நீர் இருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

"இந்த உதடு எல்லா நாட்டிலும் பிறக்கிறது. எல்லா நாட்டிலும் தாயைத்தான் குற்றம் சொல்கிறார்கள்."

"அப்ப ஏன் அம்மா வந்தது?"

"சரியாகச் சொல்ல எனக்குத் தெரியாது. சில குடும்பங்களில் வழிவழியாக வரும். யாருக்கும் இல்லாத வீட்டிலும் வரும். உங்கள் இரண்டு பக்கத்திலும் வேறு யாருக்காவது இருந்ததா?"

அம்மா இல்லை என்று தலையாட்டினார். ஐயா நிலத்தைப் பார்த்துக்கொண்டே, "என்ரை குஞ்சியப்புவுக்கு, அப்புவின்ரை தம்பிக்கு, இருந்தது. மலாயாவுக்குப் போனவர். மீசை வைச்சு மறைச்சிருந்தார்" என்றார்.

அம்மா ஐயாவைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அது கோபமா ஆறுதலா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஏழு வருடமாக அந்தச் சொல்லை இந்த மனிதர் வாய்க்குள் வைத்திருந்திருக்கிறார்.

மறுநாளே சத்திரசிகிச்சை. முகத்தில் துணி ஒன்றை வைத்து எண்ணச் சொன்னார்கள். இனிப்பும் எரிவும் கலந்த ஒரு மணம் வந்தது. பதினொன்று வரை எண்ணியது நினைவிருக்கிறது.

விழித்தபோது இரண்டு முழங்கைக்கும் மட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள், தையலில் கை வைக்காமலிருக்க. பத்து நாள் பேசக் கூடாது, அழக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சிரிக்கக் கூடாது. ஆனால் அந்த வாட்டில் இருந்த பெண்களைப்போல் சிரிக்க வைக்கும் ஆட்களை நான் பிறகு கண்டதில்லை. அடுத்த கட்டிலில் குருநகரிலிருந்து வந்த ஒரு மீன்காரப் பெண், காலில் புண்ணோடு. தன் புருஷன் குறட்டை விடுவதையும் பங்குச் சுவாமியார் இருமுவதையும் அப்படியே செய்து காட்டுவார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விடுவேன். அம்மா பதறிப்போய், "அக்கை, உங்களுக்குப் புண்ணியமாய்ப் போகும், பிள்ளையின்ரை தையல் பிரிஞ்சுபோடும்" என்று கெஞ்சுவார். அவர் ஒரு நிமிடம் வாயை மூடுவார். பிறகு அம்மாவே, "பேந்தென்ன நடந்தது?" என்று கேட்டுவிடுவார்.

அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் கண்டதில்லை. காலையில் பாண் துண்டைத் தேநீரில் ஊறவைத்துச் சின்னக் கரண்டியால் என் வாயின் ஓரத்தில் விடுவார். யன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் காகங்கள் சண்டை பிடிக்கும். அந்த ஆசுப்பத்திரிக் கட்டிலில் அம்மாவோடு நெருங்கிப் படுத்திருந்த நாட்கள் போல் வேறு நாட்கள் எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போகச் சொன்ன அன்று நான் அழுதேன், அழலாம் என்று அனுமதித்த பிறகு.

வீடு வந்ததும் மாமி ஓடி வந்து என் தாடையைப் பிடித்துப் பார்த்தார். சிவந்த ஒரு கோடு, அவ்வளவுதான். அம்மா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அமைதியாகக் கேட்டார்.

"மச்சாள், குஞ்சியப்புவின்ரை மீசைக்குக் கீழை என்ன இருந்ததெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

மாமி திண்ணைக் குந்திலே இருந்துவிட்டார். "தெரியும்."

"பேந்தேன் என்னைச் சொன்னனீங்கள்?"

"எனக்கு ரண்டு குமர் இருக்கு. எங்கடை ரத்தத்திலை உது இருக்கெண்டு வெளியிலை கதைச்சா ஆர் அதுகளைக் கட்டுவினம்? நீ பிறத்தியாலை வந்தனி. உன்னிலை போட்டா உன்னோடை போயிடுமெண்டு நினைச்சன்."

அம்மா சண்டை பிடிக்கவில்லை. உள்ளே போய் அடுப்பை மூட்டினார். மூன்று மாதம் மாமியோடு பேசவில்லை. ஐயாவோடு எத்தனை நாள் பேசாமலிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் கிணற்றடியில் நின்று யாராவது கிரகணக் கதையை எடுத்தால், "எட்டாம் மாதத்திலை சொண்டு பிளக்காது, அக்கை" என்று மட்டும் சொல்வார். மாமியின் குடும்பத்தைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. மாமியின் இரண்டு பெண்களுக்கும் உரும்பிராயில் நல்ல இடத்தில் கல்யாணம் நடந்தது. இரண்டுக்கும் பலகாரம் சுட்டது அம்மா.

இரண்டாம் உலக யுத்த காலத்தில், எனக்குப் பதினேழு வயதிருக்கும்போது, மாமியின் இளைய மகளுக்குப் பிள்ளை பிறந்தது. நான்காம் நாள் மாமி துணியில் சுற்றிய பிள்ளையோடு எங்கள் முற்றத்தில் நின்றார். துணியை விலக்கிக் காட்டினார். எனக்கு இருந்ததைவிடப் பெரிய பிளவு.

"மாப்பிளை வீட்டாக்கள் என்ரை பெட்டையைக் கேக்கினம், என்னத்தை வெட்டினனி, என்னத்தைப் பாத்தனி எண்டு" என்றார் மாமி. "நான் சொல்லிப்போட்டன், உது எங்கடை பக்கத்தாலை வந்தது, பெட்டையை ஒண்டும் கேளாதையுங்கோ எண்டு."

அம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டார். முலைப்பாலைப் பீய்ச்சிச் சங்கில் எடுத்து, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் விதத்தை மாமிக்குக் காட்டினார். பிறகு என்னை வண்டிக்காரரிடம் அனுப்பி அடுத்த நாளைக்கு வண்டி கேட்டு வரச் சொன்னார்.