எதிர்வீட்டுப் பையனின் ஏற்புரை

டெல்லியில் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் விழா என்றால் எப்போதும் ஒரே அச்சுதான். இறைவணக்கம், வரவேற்புரை, பொன்னாடை, பாராட்டுரை, ஏற்புரை, நன்றியுரை, கடைசியில் டிஃபன். நடத்துகிறவர்கள் எல்லாரும் மத்திய அரசு ஆபீஸ்காரர்கள். போன விழாவின் தாளை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிவிடுவார்கள். ரிடையர் ஆனவருக்கும் அதே தாள்தான், பட்டம் வாங்கியவருக்கும் அதே தாள்தான்.

கார்கில் சண்டை நடந்த வருஷம் அந்தத் தாளில் ஏறியது எங்கள் எதிர்வீட்டுப் பையனின் பெயர்.

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் அவர்கள் கதவும் எங்கள் கதவும் நேருக்கு நேர். ஸ்கூல் விட்டு வந்தால் அவன் முதலில் நுழைவது எங்கள் வீட்டில்தான். "ஆன்ட்டி, இன்னிக்கி என்ன சாம்பார்?" என்று மூடியைத் திறந்து பார்ப்பான். பிடிக்காவிட்டால், "அச்சா, அம்மா கிட்டயே போறேன்" என்று நடையைக் கட்டுவான். தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சங்கத்துத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினால், பின்சுவர் ஏறிக் குதித்துக் கிரிக்கெட் ஆடப் போய்விடுவான். காதைப் பிடித்து இழுத்து வருவது என் வேலை. திமிர் பிடித்த பயல். இப்போது நினைத்தாலும் முதலில் சிரிப்புத்தான் வருகிறது, அப்புறம் வயிறு எரிகிறது.

ராணுவத்தில் சேர்ந்த அவன் உடல் கார்கிலிலிருந்து வந்த நாள் முதல் அக்கா, அதாவது அவன் அம்மா, அழவே இல்லை. அவன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. சமைத்தாள், துணி மடித்தாள், பால் வாங்கப் போனாள். அவன் அப்பாதான் ஒருநாள் என்னிடம் வந்து, "சங்கத்துக் கூட்டத்துக்கு அவளையும் கூட்டிட்டு வரணும்ங்காங்க. அங்க வச்சு அவளுக்கு ஏதாவது ஆயிட்டா?" என்று கேட்டார். நெல்லைக்காரர், அதிகம் பேசாதவர்.

"நான் பக்கத்துல உக்காந்துக்கறேன் அண்ணா. ஒண்ணும் ஆகாது" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

மேடையில் மாலை போட்ட அவன் படம், யூனிஃபார்மில். ஒரு பெரிய அதிகாரி இந்தியில் பேசினார். தலைவர் செந்தமிழில் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். நான் அக்காவின் கையைப் பிடித்திருந்தேன். கட்டை மாதிரி இருந்தது.

ஒருவழியாகப் பாராட்டுரை முடிந்தது. செயலாளர் தாளைப் பார்த்து, வழக்கமான குரலில், "அடுத்து ஏற்புரை" என்று அறிவித்தார். அறிவித்து, அவன் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தார்.

சொன்ன பிறகுதான் மனிதருக்கு உறைத்தது. முகம் வெளுத்து, "மன்னிக்கணும்... பழைய தாள்... டைப்பிங்ல..." என்று உளறினார். பாவி மனுஷா, ஒரு தடவை படித்துப் பார்க்க மாட்டாயா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குள் அக்கா கையை உருவிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"வேண்டாம்க்கா, உக்காருங்க."

"அவனைத்தான கூப்பிடுதாங்க. அவனுக்குப் பதிலா நான் சொல்லிட்டு வாரேன்."

மைக் முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தால் வந்தது அவன் பேச்சு. "அங்கிள், எனக்குத் தமிழ் பாஷண்லாம் வராது. நீங்க பேசினதுல ஆதா, பாதிதான் புரிஞ்சுது. எல்லாருக்கும் பசிக்கிது, ஜல்தி முடிங்க."

அதே இழுப்பு, அதே அவசரம். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தோம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. செயலாளர் கைக்குட்டையில் முகத்தை மூடிக்கொண்டார்.

அக்கா சிரிக்கவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாள். இன்னும் அவன் குரலிலேயே சொன்னாள்: "ஆன்ட்டி, அம்மா இன்னும் அழவே இல்ல. கொஞ்சம் பாத்துக்கோங்க."

கடைசி வார்த்தை அவளுடைய சொந்தக் குரலில் உடைந்தது. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். மைக் முன்னாலேயே இரண்டு பேரும் ஓவென்று அழுதோம். யாரும் மைக்கை அணைக்கவில்லை.