போடாமலே தேய்ந்த ஷூ

போன மாதம் மைதானத்தில், நாலு பேர் பார்க்க, என் தங்கை கணவர் ராஜேஷைத் திட்டித் தீர்த்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை. இதை எழுதும்போதுகூட எழுந்து எழுந்து நடக்கிறேன்.

விஷயம் ஒரு ஜோடி ஷூ.

ராஜேஷுக்குத் திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை. பழைய ரன்னிங் ஷூ மாடல் ஒன்றின் மேல் பைத்தியம். சாம்பல் நிறம். காற்றுப் போக வலைத்துணி, குதிகாலில் தடித்த ஃபோம், இருட்டில் ஓடுகிறவனை லாரிக்காரன் பார்க்கட்டும் என்று பின்னால் ஒளிரும் பட்டை. அழகுக்கென்று அதில் எதுவுமே இல்லை... அதனால்தான் அழகாக இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன்.

ரோட்டில் ஓடியவர்களுக்காகச் செய்தது. பிறகு பாட்டுக்காரர்கள் போட்டார்கள், காலேஜ் பசங்கள் போட்டார்கள். இன்றைக்கு ஐ.டி. பார்க்கில் அதைப் போட்டுக்கொண்டு லிஃப்ட்டுக்குக் காத்து நிற்கிறார்கள்!

ராஜேஷ் அதுகூடச் செய்யவில்லை. வாங்கிய ஜோடியைப் பாலித்தீன் சுற்றி, பெட்டியில் போட்டு, அலமாரியில் பூட்டிவிட்டார் — வருஷக்கணக்கில்.

தங்கை செல்விக்கு வனத்துறை வேலைக்கான ஓட்டத் தேர்வு. வயது வரம்பில் இதுதான் கடைசி வாய்ப்பு. இருவருக்கும் ஒரே கால் சைஸ் (ஜாதகத்தில் பொருந்தாதது அதில் பொருந்தியது). பயிற்சிக்கு அந்த ஷூவைக் கேட்டாள்.

“அது க்ளாசிக் பீஸாக்கும். போட்டா மடிப்பு விழும்” என்றுவிட்டார் ராஜேஷ்.

தேர்வுக்கு முந்தின நாள் மழையில் அவள் ஷூ வாய் பிளந்தது. அப்போதுதான் மாப்பிள்ளைக்கு மனசு இளகியது. மறுநாள் பெட்டியோடு தேர்வு மைதானத்துக்கு வந்தார்.

போட்டாள். வார்ம்-அப்புக்குக் கொஞ்சம் ஓடினாள். ஃபோம் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. அடிப்பாகம் தனியே தொங்கியது.

“எந்தா இது!” ராஜேஷ் தூளைக் கையில் அள்ளினார். “ஒரு தடவைகூட போடலையே, மச்சான்!”

“அதான் மாப்ளே கேடு! நம்ம ஊர்ப் புழுக்கத்துல பாலித்தீனைச் சுத்தி வச்சா வேற என்ன ஆகும்? நீரெல்லாம் ஒரு...”

“ரெண்டு பேரும் கொஞ்சம் மிண்டாம இருங்க!” செல்வி கத்தினாள். “என் நம்பரை விளிக்காங்க.”

வெறுங்காலில் ஓடினாள். கல் குத்தி ரத்தம். ஆனால் நேரத்துக்குள் கோட்டைத் தாண்டிவிட்டாள்.

ஒன்று சொல்கிறேன். ஓடுவதற்குச் செய்த பொருளுக்கு மரியாதை, அதில் ஓடுவதுதான். உங்கள் அலமாரியில் என்ன பூட்டிக் கிடக்கிறது?

காயம் ஆறியதும் ராஜேஷ் புது ஷூ வாங்கிக் கொடுத்தார். செல்வி கடையிலேயே காலில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

“பெட்டி வேண்டாமா?” என்றார் கடைக்காரர்.

“அவர்கிட்ட கொடுங்க. பத்திரமா வச்சுக்குவார்.”