பிப்ரவரிப் பக்கம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உங்களை நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் இது நடந்தது. எனக்கு நடந்தது. நடுராத்திரியில் சுடுகாட்டில் இல்லை. பட்டப்பகலில்... ஒரு கழிவறையில்.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

என் பெயர் ரேமர். ஸ்வோலே நகரில் மூன்றாம் மாடியில் என் மனைவி மார்லூஸும் நானும் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் விற்கப்போவதாகச் சொல்லிவிட்டார். ஏப்ரல் முதல் தேதிக்குள் காலி செய்ய வேண்டும். மார்லூஸ் வேறு பிள்ளைத்தாய்ச்சி. மருத்துவமனையில் கொடுத்த தேதி பிப்ரவரி 3.

பதினான்கு மாதமாக வீடு தேடினோம். பத்து வீட்டுக்கு விலை எழுதிக் கொடுத்தோம். பத்தும் கைநழுவிப் போயிற்று. எங்கள் நாட்டில் வீடு வாங்குவது ஒரு தனி வதை. மற்றவன் எவ்வளவு கேட்டான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். இது போதாதென்று, "உங்கள் வீட்டைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வோம்" என்று விற்பவருக்கு ஒரு கடிதம், சிரித்த முகமாக ஒரு படம். வெட்கங்கெட்ட பிழைப்பு.

பதினோராவது வீடு ஏலர்வோல்டெ கிராமத்தில் இருந்தது. செங்கல் வீடு. பின்னால் அறுத்து முடித்த மக்காச்சோள வயல், முன்னால் கால்வாய். ஹென்ட்ரிகா என்ற பாட்டி தனியாக இருந்து ஆகஸ்டில் இறந்துபோயிருந்தார். கனடாவில் இருக்கும் அவருடைய அண்ணன் மகன் விற்கிறான்.

டிசம்பர் 3, புதன்கிழமை. எங்களுக்குக் கொடுத்த நேரம் 3:45 முதல் 4:00 வரை. பதினைந்தே நிமிடம். ஒரு ஜோடிச் செருப்பு வாங்கவே எனக்கு அதைவிட அதிக நேரம் ஆகும். தரகர் ப்ராம் வாசலில் நின்று, காலணிக்கு மேல் மாட்ட நீல பிளாஸ்டிக் உறை கொடுத்தார். எங்களுக்கு அடுத்த முறைக்காக இன்னொரு ஜோடி காத்திருந்தது. அந்தப் பெண்ணுக்கும் பெரிய வயிறு.

"உங்களுக்கு எப்போ?" என்றாள் மார்லூஸ்.

"பிப்ரவரி ஆரம்பத்துல. உங்களுக்கு?"

"எனக்கும்தான்! யாரு முந்துறோம்னு பாப்போம்."

இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட்டிக்காரியோடு என்ன சிரிப்பு?

உள்ளே நுழைந்ததும் மார்லூஸ் நேராகக் கழிவறைக்கு ஓடினாள். எட்டாம் மாதத்துக்காரியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பதினைந்தில் நான்கு நிமிடம் அங்கேயே கரைந்தது. வெளியே வந்தபோது அவள் கண்கள் பளபளத்தன.

"ரேமர், உள்ள போயி அந்தக் காலண்டரப் பாரு."

எங்கள் ஆட்கள் வீட்டில் கழிவறைச் சுவரில்தான் பிறந்தநாள் காலண்டர் தொங்கும். உட்கார்ந்த இடத்தில் எல்லோரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம் பாருங்கள். கிழமை இருக்காது, தேதி மட்டும். அதனால் ஒரே காலண்டர் முப்பது வருடம் ஓடும். யாராவது இறந்தால் பெயரை அடிப்பதில்லை. பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை போடுவோம்.

இந்தக் காலண்டர் பிப்ரவரிப் பக்கத்தில் இருந்தது. டிசம்பர் மாதத்தில்.

மூன்றாம் தேதியில் நீல மையில், நடுங்கிய கையெழுத்தில் ஒரு பெயர். ஃபென்னா.

அது எங்கள் குழந்தைக்கு நாங்கள் வைத்திருந்த பெயர். பிறக்கும்வரை பெயரை யாரிடமும் சொல்வதில்லை என்பது எங்கள் வழக்கம். மார்லூஸின் அம்மா கெஞ்சியும் நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

"இந்த வீடு நமக்காகவே காத்துக்கிட்டிருக்கு" என்றாள் மார்லூஸ்.

"ஊருல ஆயிரம் ஃபென்னா இருக்கு" என்றேன். ஆனால் எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். மற்ற பக்கங்களைப் புரட்டினேன். எல்லாப் பெயருக்கும் சிலுவை. ஒன்று விடாமல். பாட்டிக்குப் பழக்கமானவர்கள் பாட்டி வயதுக்காரர்களாகத்தானே இருப்பார்கள்? காலண்டரை டிசம்பருக்குத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். ஃபென்னாவுக்கு மட்டும் சிலுவை இல்லை.

நாங்கள் வெளியே வரும்போது அந்தப் பெண் உள்ளே வந்தாள். "மன்னிச்சுக்குங்க, டாய்லெட் எங்க இருக்கு?" என்று ப்ராமிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

வீடு எங்களுக்குக் கிடைத்தது. "நீங்க கேட்டது அதிக விலை இல்ல. ஆனா உங்களுக்குத்தான் குடுக்கணுமாம்" என்றார் ப்ராம். மார்லூஸ் தொலைபேசியில் அழுதாள். டிசம்பர் 16 செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டோம்.

ஒப்பந்தத்தோடு ஒரு பட்டியல் வரும். வீட்டில் எது இருக்கும், எதை எடுத்துப் போவார்கள் என்று. தபால் பெட்டி, இருக்கும். திரைச்சீலைக் கம்பி, இருக்கும். கழிவறைக் காகிதம் மாட்டும் கொக்கி, இருக்கும். எங்கள் ஆட்கள் கொக்கியைக்கூட விட மாட்டார்கள். எல்லாம் கணினியில் அடித்தது. கடைசி வரி மட்டும் கையால் எழுதியது. நீல மை.

பிறந்தநாள் காலண்டர், இருக்கும்.

"இது நான் எழுதலீங்களே" என்றார் ப்ராம். "கனடாவுலேந்து மெயில்லதான் வந்துது. சரி விடுங்க, ஒரு காலண்டர்தானே?"

கையெழுத்துப் போட்டபின் மூன்று நாள் உண்டு. அதற்குள் வாங்குபவர் காரணமே சொல்லாமல் வேண்டாம் எனலாம். வெள்ளிக்கிழமையோடு அது முடிகிறது. எவன் வேண்டாம் என்பான்?

வெள்ளிக்கிழமை பிற்பகல் 3:30. மரத்தரை போட அளவெடுக்க நான் மட்டும் போனேன். ப்ராம் கதவைத் திறந்துவிட்டு, காரில் உட்கார்ந்து யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

3:48. கூடத்தை அளந்தேன். நான்கு மீட்டர் அறுபது.

3:52. ஒரு சத்தம்.

கீர்ர்... கீர்ர்...

காகிதத்தில் பேனா ஓடும் சத்தம். சுவரில் வைத்து எழுதினால் வருமே, அது.

நடைவழிக்கு வந்தேன். கழிவறைக் கதவு சாத்தியிருந்தது. பூட்டின் சின்ன வட்டத்தில் சிவப்பு தெரிந்தது. உள்ளே ஆள் இருந்தால்தான் சிவப்பு.

"ப்ராம்?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ப்ராம் காரில்தான் இருந்தார்.

கீர்ர்...

நின்றது.

டக்.

சிவப்பு, வெள்ளையாக மாறியது.

கதவு திறக்கும் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை. நான்தான் திறந்தேன்.

யாரும் இல்லை.

காலண்டர் மறுபடியும் பிப்ரவரியில்.

ஃபென்னா. பக்கத்தில்... சிலுவை.

விரலால் தொட்டேன். மை ஈரமாக இருந்தது. விரலில் ஒட்டியது.

4:50க்கு ப்ராமிடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அஸ்திவாரம் சரியில்லை என்றேன். வாய்க்கு வந்த பொய்.

"உங்க இஷ்டம்" என்றார் ப்ராம். "உங்களுக்கு அப்புறம் வந்தாங்களே, அந்த மாசமா இருந்த பொண்ணு, அவங்க குதிச்சுக்கிட்டு வாங்கிடுவாங்க."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் பிள்ளை பிழைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

மார்லூஸிடமும் அஸ்திவாரம் என்றேன். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் வேறென்ன சொல்வது?

"பத்து வீட்ட ஊரான் பிடுங்கினான். பதினோராவத நீயே தூக்கிப் போட்டுட்ட" என்றாள். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. ஃபென்னா என்ற பெயரும் வேண்டாம் என்றேன். அதற்கு இன்னொரு சண்டை. பிப்ரவரி 3 ஒன்றும் ஆகாமல் கடந்தது. 9ஆம் தேதி காலை 5:12க்குப் பெண் பிறந்தாள். ரூலின் என்று பெயர் வைத்தோம். நான் அழுத அழுகையைப் பார்த்து மார்லூஸுக்கே மனம் இளகிவிட்டது.

நான்காம் நாள் ஏலர்வோல்டெக்குப் போனேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. பிள்ளை பிறந்த வீட்டு முன்னால் வைக்கும் மர நாரை, தோட்டத்தில் குப்புறக் கிடந்தது. ஜன்னல் திரைகள் மூடியிருந்தன. எங்கள் ஊரில் பகலில் யாரும் திரையை மூடுவதில்லை. நாரையைப் புரட்டினேன்.

ஃபென்னா. 3 பிப்ரவரி.

கதவு திறந்தது. அந்தப் பெண் நின்றாள். வயிறு இல்லை. கையிலும் ஒன்றுமில்லை.

"பதினோரு மணி நேரம் இருந்தா" என்றாள்.

நாரையைப் பழையபடி குப்புற வைத்தேன்.

"மொத நாள் சிலுவை இல்ல. நாங்க வச்சிருந்த பேராச்சேன்னு சந்தோஷமா வாங்கினோம். சாவி குடுத்த அன்னிக்குப் பாத்தா இருந்துது. யாரோ பழைய ஃபென்னா போலன்னு நெனச்சேன்." என்னையே பார்த்தாள். "மூணாம் நாள் வேணாம்னுட்டுப் போனீங்களே. நீங்க பாத்தீங்க. இல்ல?"

தலையைக் குனிந்தேன்.

"உங்களுக்கு ஒம்பதாம் தேதி பொறந்துச்சா?"

"ஆமா... எப்படித் தெரியும்?"

"ரூலின்."

பிள்ளை பிறந்ததைச் சொல்லும் அட்டையை நாங்கள் யாருக்கும் இன்னும் அனுப்பவில்லை. அட்டைகள் எங்கள் மேஜைமேல் பெட்டியில் இருந்தன.

"சிலுவை இருக்கா?" என்று கேட்டேன்.

"காலையில இல்ல. வந்து பாருங்க."

அவள் தோளுக்குப் பின்னால் நடைவழி தெரிந்தது. கழிவறைக் கதவு. பூட்டில் சிவப்பு.

"உள்ள யாரு?"

"யாருமில்ல" என்றாள். "நான் மட்டும்தான்."

கீர்ர்...

ஓடி வந்துவிட்டேன்.

ரூலினுக்கு இப்போது எட்டு மாதம். தவழ்கிறாள். மாமியார் வீட்டுப் பரணில் நாங்கள் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு கிடக்கிறோம். இன்னும் ஆறு வீடு போயிற்று.

போன வாரம் ப்ராம் மார்லூஸைக் கூப்பிட்டார். ஏலர்வோல்டெ வீடு மறுபடி விலைக்கு வந்திருக்கிறதாம். வேறு யாருக்கும் காட்டவில்லையாம். பட்டியலின் அடியில் நீல மையில் எங்கள் பெயர் இருக்கிறதாம், எழுதியது யாரென்று அவருக்கும் தெரியவில்லையாம்.

அன்றைக்குத்தான் மார்லூஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்று விடாமல். காலில் விழாத குறை.

"அன்னிக்கு அஸ்திவாரம்னு சொன்ன" என்றாள். "இன்னிக்குப் பேயா? நாளைக்கு என்ன சொல்லுவ, ரேமர்?"

நம்ப வேண்டியவளே நம்பவில்லை. புதன்கிழமை 3:45க்கு நேரம் வாங்கிவிட்டாள். ரூலினையும் தூக்கிக்கொண்டு போகிறாளாம்.

இன்று செவ்வாய்.