யாத்கார் பாபா ஊற்றிய மது

யாத்கார் பாபா இஸ்ஃபஹானில் பட்டு நெய்தவர். மனைவியும் மகளும் ஒரே வாரத்தில் காய்ச்சலில் போனபிறகு சூஃபி மடத்தில் சேர்ந்தார். முதுகில் தோல்பை, கையில் பித்தளைக் கிண்ணம். கர்பலாவில் தாகத்தோடு செத்தவர்கள் பெயரால் கடைத்தெருவில் தண்ணீர் ஊற்றினார். காசு நீட்டினால் திட்டுவார். நிற்பது என் ஆட்டுக்கால் கடை வாசலில்தான்.

"மது வேணுமா, மது? காதலிச்சவன் கடைச் சரக்கு, வாங்க," என்று கூவுவார்.

"நேத்து ஊத்தினது ஏறவே இல்லையே பாபா," என்பேன்.

"உன் மண்டைக்கு ஆத்தையே ஊத்தணும்டா."

சூஃபி வாயில் மது என்றால் இறைவன் மேல் வைத்த பித்து. எங்கள் தெருவில் பல் முளைக்காத பிள்ளைக்கும் அது தெரியும்.

அந்தக் கோடையில் ஒரு பரங்கி வந்தான். ஊர் ஊராகப் போய்ப் பார்த்ததைப் புத்தகமாக எழுதுகிறவனாம். மொழிபெயர்க்கக் கூட வந்த ஆர்மீனியன் மார்தீரோஸ், பாபாவின் கூவலைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டான். பரங்கி கிண்ணத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டு போனான். அன்றைக்கே காவல் தலைவன் வீட்டு விருந்தில், "உங்க ஃபக்கீர் நடுத்தெருவுல மது ஊத்தறாரே," என்று சொல்லிச் சிரித்தானாம். சூஃபி என்றாலே முல்லாக்கள் பல்லைக் கடித்த காலம். வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது.

மறுநாள் காவல் தலைவனே வந்தான். சேவகர்கள் தோல்பையைக் கிழித்தார்கள். ஒருவன் கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தான்.

"தண்ணிதாங்க."

அப்பாடா என்று மூச்சுவிட்டேன்.

"தண்ணியா?" என்றான் காவல் தலைவன். "கர்பலா பேரைச் சொல்லி ஊத்தற தண்ணியையா மதுன்னு கூவினான்? குடிச்சிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். கால்ல கயித்தைக் கட்டித் தூக்கி உள்ளங்கால்ல அடிங்க."

நேற்றுவரை அவர் கையால் குடித்த தெரு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. உள்ளங்கால் கிழிந்து கிழவர் மயங்கியபிறகும் பிரம்பு நிற்கவில்லை.

பரங்கி எதிர்க்கடையில் நின்று எழுதிக்கொண்டிருந்தான். சிந்திய தண்ணீரில் கையை நனைத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"மார்தீரோஸ், இது தண்ணின்னு சொல்லு. அங்க எழுதினதை அடிச்சுட்டு மாத்தி எழுதச் சொல்லு."

இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். மார்தீரோஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தண்ணின்னு அவருக்குத் தெரியுமாம், அண்ணே. தண்ணி ஊத்தற ஃபக்கீரைப் பத்தி எழுதினா அவர் ஊர்ல எவன் வாங்கிப் படிப்பான்னு கேக்கறார்."