சர்வேயர் வீட்டுக்குள் சத்தம்

அந்தத் தெருவில் அவளுக்குக் கேமராக்கா என்று பெயர். வாசல் ஜன்னலோரம் மெஷினைப் போட்டு உட்கார்ந்து வீடுகளுக்குத் திரைச்சீலை தைப்பவள். துணியைப் பார்க்கிற நேரத்தைவிடத் தெருவைப் பார்க்கிற நேரம் அதிகம். காரணம் இல்லாமல் இல்லை. போன வருஷம் அவளும் கணவனும் மூன்று நாள் வெளியூர் போய்த் திரும்பியபோது பீரோ வாயைப் பிளந்துகொண்டு நின்றது. "மூணு நாள் பேப்பரும் வாசல்லயே கிடந்திருக்கு. ஆள் இல்லைன்னு போர்டு மாட்டின மாதிரிதாம்மா" என்றார் விசாரிக்க வந்த போலீஸ்காரர். அன்றிலிருந்து தெருவில் யார் வெளியூர் கிளம்பினாலும் தூக்கம் போவது அவளுக்குத்தான்.

எதிர்வீட்டு சர்வேயர் ஓய்வு பெற்றவர், தனி ஆள். வியாழக்கிழமை விடிகாலை பஸ்ஸில் மகள் வீட்டுக்குப் போவதாக முந்தின நாள் சொன்னார்.

"பாலை நிறுத்தச் சொல்லிட்டீங்களா சார்?"

"இனிமேதாம்மா சொல்லணும்."

"சொல்லவே சொல்லாதீங்க. ஒருத்தருக்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. பால், பேப்பர் எல்லாம் நான் எடுத்துக்கிறேன். நீங்க போனதே யாருக்கும் தெரியக் கூடாது."

வெளியே தொங்கும் பூட்டு ஆள் இல்லாததைக் காட்டிக்கொடுக்கும் என்று, கதவோடு சேர்ந்த பூட்டை அவருக்கு மாட்டிவைத்தவளும் அவள்தான். இப்போது அவர் உள்ளே இருந்தாலும் வெளியே போனாலும் கதவு ஒரே மாதிரிதான் தெரியும்.

வியாழன் காலை ஆறரைக்கே போய்ப் பேப்பரையும் பால் பாக்கெட்டையும் எடுத்தாள். கணவனின் பழைய செருப்பை அவர் வாசற்படியில் விட்டாள். பக்கத்துச் சந்தில் இருந்த கொடியில் ஈரச் சட்டை ஒன்றைக் காயப்போட்டாள். ஹோஸைத் திறந்து செடிகளுக்கு வெகுநேரம் தண்ணீர் விட்டாள். எதிரே நின்று பார்த்தபோது, சார் இப்போதுதான் குளித்துவிட்டுப் பேப்பர் படிக்க உட்கார்ந்தார் என்று சத்தியம் செய்யலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை பால்காரர் அவளைப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா, சார் கண்லயே படலையே? உடம்பு கிடம்பு சரியில்லையா? கதவைத் தட்டிப் பாக்கட்டுமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை, நல்லா இருக்கார். நேத்துகூடப் பேசினேனே" என்று வாய் கூசாமல் சொன்னாள். பால்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

பிற்பகல் மூன்று மணி. தெருவில் ஈ காக்கை இல்லை. கொடியில் கிடந்த சட்டையை எடுக்கச் சந்துக்குள் போனவள், கை நீட்டியபடியே நின்றுவிட்டாள்.

உள்ளே ஏதோ உருண்டது. தகரம் தரையில் படும் சத்தம். பிறகு அமைதி. பிறகு மறுபடியும்.

பட்டப்பகலில் வந்திருக்கிறான். நான் இங்கே மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே நுழைந்திருக்கிறான். பயத்தைவிடக் கோபம் முன்னால் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். பின்கதவு சாத்தியே இருந்தது. வெளித்தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் இழுத்துப் போட்டாள். தன் வீட்டுக் கேட் பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்து, முன்கதவின் பழைய நாதாங்கியில் மாட்டி அழுத்தினாள். மாட்டிக்கொண்டான்.

அடுத்த வீட்டு எலக்ட்ரீஷியன் கடப்பாரையோடு வந்தான். போலீஸுக்குப் போன் போட்டார்கள். இருபது நிமிஷத்தில் வருகிறோம் என்றார்கள். அதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

அவள் ஜன்னலருகே போய்க் கத்தினாள். "டேய்! போலீஸ் வருது. இருந்த இடத்தை விட்டு அசையாதே!"

உள்ளே மூச்சுப் பேச்சில்லை. பிறகு, டொக் டொக் டொக். நிறுத்தி, மறுபடியும் டொக் டொக் டொக்.

"ஏன்க்கா, திருடன் எதுக்குத் தட்டுறான்?" என்றான் எலக்ட்ரீஷியன்.

அவள் சுவரில் காதை வைத்தாள். சத்தம் குளியலறைப் பக்கமிருந்து வந்தது. சந்துக்குள் ஓடி, ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து ஏறி, மேலே இருந்த சின்ன ஜன்னலில் முகத்தை வைத்தாள். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல்.

"அம்மா... நான்தாம்மா... எந்திரிக்க முடியலை..."

பக்கெட் சரிந்தது. எப்படி இறங்கினாள், எப்படி வாசலுக்கு வந்தாள் என்று தெரியாது. சாவி கையில் இருந்தது. பூட்டின் துளைதான் கண்ணுக்கு அகப்படவில்லை. மூன்று முறை தவறவிட்டாள். எலக்ட்ரீஷியன் சாவியைப் பிடுங்கிப் பூட்டைத் திறந்தான். அப்புறம் உள்பூட்டைக் கடப்பாரையால் நெம்பி உடைத்தார்கள்.

ஊருக்குக் கிளம்பப் பெட்டி கட்டி வைத்தபடியே இருந்தது. சர்வேயர் குளியலறைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கால் திரும்பிய விதம் பார்க்கச் சகிக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. கையில் தகரக் குவளை. வியாழன் விடியலில் குளிக்கப் போய் வழுக்கியவர் ஒன்றரை நாளாக அங்கேயே கிடந்திருக்கிறார். கைக்கு எட்டிய பக்கெட் தண்ணீர்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் கல்லாக உட்கார்ந்திருந்தாள். ராத்திரி எட்டு மணிக்கு மகள் வந்து சேர்ந்தாள். "சரியான நேரத்துல பாத்தீங்கக்கா" என்று கையைப் பிடித்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"என் கையைப் பிடிக்காதேம்மா. பால்காரர் நேரா வந்து கேட்டார், உடம்பு சரியில்லையான்னு. நான்தான் பொய் சொல்லி அனுப்பினேன். பேப்பர் வாசல்ல கிடந்திருந்தா நேத்தே யாராவது கதவைத் தட்டியிருப்பாங்க. அதையும் நான்தான் எடுத்தேன். வெளியில பூட்டு வேற போட்டேன்."

மகள் கையை எடுத்துக்கொண்டாள். "புதன்கிழமை எங்களுக்குள்ள பெரிய சண்டைக்கா. அப்பா வரலைன்னதும், கோவத்துல இருந்துட்டார்னு நினைச்சேன். ரெண்டு தடவை போன் அடிச்சேன், எடுக்கலை. போனா போகட்டும்னு நானும் விட்டுட்டேன்."

உள்ளே சர்வேயருக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இடுப்பு எலும்பைச் சேர்த்து, இரண்டு மாதம் கழித்து வாக்கரைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பினார் சர்வேயர். பார்க்கப் போனவளிடம் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: "வியாழக்கிழமை நீ செடிக்குத் தண்ணி விட்ட சத்தம் கேட்டுச்சும்மா. எவ்வளவோ கூப்பிட்டேன்." அதைக் கேட்டபிறகு அவள் அன்றைக்கு மெஷின் பக்கமே போகவில்லை.

இப்போதும் தெருவில் யார் ஊருக்குப் போனாலும் பேப்பரை எடுப்பவள் அவள்தான். ஆனால் வண்டி ஏறுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும், போய்ச் சேர்ந்ததும் போன் வர வேண்டும், வராவிட்டால் விடமாட்டாள். சர்வேயருக்கோ, ஊரில் இருந்தாலும் தினமும் காலை ஏழு மணிக்கு அவளிடமிருந்து போன் வந்துவிடுகிறது.

"உயிரோடதான்மா இருக்கேன், போனை வை" என்பார் அவர். அவள் வைக்கமாட்டாள். எழுந்து ஜன்னலுக்கு வந்து முகத்தைக் காட்டச் சொல்வாள்.