கேக் டின்னில் வெந்த பாஸ்தா

புனேயின் தாபோடியில் ஆரோக்கியமணியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் கையால் செய்த கிறிஸ்துமஸ் கேக்கைத் தெரியாதவர்கள் அங்குள்ள கிறிஸ்தவக் கோயில் பக்கமே எட்டிப் பார்க்காதவர்களாகத்தான் இருக்க வேண்டும். அப்பா பாளையங்கோட்டையிலிருந்து ராணுவப் பொறியியல் கல்லூரிக்கு எடுபிடி வேலைக்கு வந்தவர். அவள் பிறந்தது, படித்தது, எட்மண்டைக் கட்டிக்கொண்டது எல்லாம் புனேயில்தான். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். டி.சி. கேட்டு வருகிறவர்களை மராத்தியில் அதட்டுவாள், ஹிந்தியில் சமாதானம் செய்வாள், வீட்டுக்கு வந்து திருநெல்வேலித் தமிழில் அலுத்துக்கொள்வாள். சமையலில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற எண்ணம் அவளுக்கு உண்டு. நாற்பத்து நாலு வயது வரை அந்த எண்ணத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

இரண்டாயிரத்து நாலில் அவள் வீட்டுக்கு நேர் மேலே, மூன்றாவது மாடிக்குச் சுஷ்மா குடிவந்தாள். கோயம்புத்தூர்க்காரி. கணவனுக்கு வங்கியில் வேலை. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் சும்மா இருந்தாள். ஆரோக்கியமணியின் ஒரே மகள் டானியா ஒன்பதாம் வகுப்பில் கணக்கைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். புதன்கிழமை தோறும் மாலையில் சொல்லித் தருகிறேன் என்று சுஷ்மா தானாக வந்து சொன்னாள். காசு எதுவும் வேண்டாம் என்றும் சொன்னாள். ஆரோக்கியமணிக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அந்தக் குளிர்ச்சி இரண்டு வாரம்தான் தாங்கியது. மூன்றாவது புதன்கிழமை டானியா இறங்கி வந்து, பசிக்கவில்லை என்றாள். சுஷ்மா ஆன்ட்டி பேக்டு பாஸ்தா கொடுத்தார்களாம். அடுத்த புதனும் அதே கதை. அதற்கடுத்த புதனும் அதேதான். எட்மண்டுக்குச் சாகண் தொழிற்சாலையில் இரண்டாவது ஷிஃப்ட். அவன் வந்து சேர நடுநிசி ஆகிவிடும். ஆக, சாப்பாட்டு மேஜையில் ஆரோக்கியமணியும் அவள் வைத்த மீன் குழம்பும்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் சூட்ட வேண்டியதில்லை. மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டாலே அவளுக்கு வயிறு எரிந்தது. மகள் சிரிக்கும் சத்தம் கேட்டால் இன்னும் எரிந்தது. அந்தச் சிரிப்பைக் கீழே கேட்டு எத்தனை நாளாயிற்று? பள்ளியில் என்ன நடந்தது என்பதுகூட இப்போது சுஷ்மாவுக்குத்தான் முதலில் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை எட்மண்டிடம் கொட்டித் தீர்த்தாள். "புள்ளைக்குக் கணக்கு வருதுல்லா? அது போதாதா ஒனக்கு?" என்று அவன் பேப்பரைப் புரட்டினான். இந்த மனிதனிடம் சொன்னதற்குச் சுவரிடம் சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

சுஷ்மாவிடம் போய்ச் செய்முறை கேட்பதற்கு அவள் மானம் இடம் கொடுக்கவில்லை. மகளின் வாயைப் பிடுங்கினாள்.

"அப்படி என்னட்டி போடுதா அதுல?"

"பாஸ்தா வேக வெச்சு, ஒயிட் சாஸ் பண்ணி, சிம்லா மிர்ச் போட்டு, மேல சீஸ். ஃபிர் ஓவன்ல வெப்பாங்க மம்மி. ரொம்ப ஈஸி."

ரொம்ப ஈஸியாம். ஒரு கை பார்த்துவிடுவது என்று ஆரோக்கியமணி முடிவுகட்டினாள்.

அடுத்த புதன்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தாள். "பாடம் முடிஞ்சதும் நேரா கீழ வா, அங்க வாயில எதையும் வைக்காத" என்று மகளை எச்சரித்து அனுப்பினாள். மக்ரோனியை வேகவைத்து வடித்தாள். வெண்ணெயில் மைதாவை வாசம் வரும் வரை வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறினாள். வெங்காயம், குடைமிளகாய், மிளகுத்தூள். சுஷ்மா போடாத பச்சை மிளகாயும் இரண்டு விழுந்தது. எல்லாவற்றையும் கலந்து கேக் டின்னில் கொட்டி, சீஸைத் துருவித் தூவி நிமிர்ந்தபோதுதான் டின்னின் ஓரத்தைப் பார்த்தாள். இருபது வருடக் கேக் பழக்கம். கை தன்பாட்டுக்கு டின்னில் வெண்ணெய் தடவி, அடியிலும் சுற்றிலும் பிரவுன் பேப்பர் வெட்டிப் போட்டு, மாவும் தூவி வைத்திருந்தது. பாஸ்தாவுக்கு யாராவது பேப்பர் போடுவார்களா? இனி எடுக்கவும் முடியாது.

அவள் வீட்டில் ஓவன் கிடையாது. அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் கிடையாது. கிறிஸ்துமஸுக்கும் தீபாவளிக்கும் டின்னைத் தூக்கிக்கொண்டு பேக்கரிக்குப் போவார்கள். சாயங்கால ரொட்டி எடுத்தபின் மிச்சமிருக்கும் சூட்டில் அங்கே வேகவைத்துத் தருவார்கள். பேக்கரி பாய் அவளைப் பார்த்ததும், "கிறிஸ்மஸ் இத்னி ஜல்தி?" என்று, அதற்குள்ளேயா என்பதுபோல் சிரித்தார். டின்னை வாங்கி, கேக் வைக்கும் இடத்திலேயே வைத்தார். அரை மணி போதும் என்று சொல்லியிருந்தாள். முக்கால் மணி கழித்துத்தான் கிடைத்தது. ஓரமெல்லாம் கருஞ்சிவப்பாகியிருந்தது. தொலைந்தது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

டானியா வந்து காத்திருந்தாள். ஆரோக்கியமணி தட்டால் மூடி டின்னைக் கவிழ்த்துத் தட்டினாள். முழுசாக இறங்கியது. டானியா பேப்பரை உரித்தாள். மேலே, கீழே, சுற்றிலும் முறுகிய தோல். வெட்டினால் உள்ளே பால்போல் இளகி வழிந்தது.

ஒரு வாய் வைத்ததும் டானியாவின் கண் விரிந்தது. "மம்மி! ஏக்தம் மஸ்த்!"

ஆரோக்கியமணிக்குக் கால் தரையில் பாவவில்லை. அதற்குள் மகள் கத்தியை எடுத்து, நன்றாக முறுகியிருந்த ஓரத்தில் பெரிய துண்டாக வெட்டினாள்.

"இது சுஷ்மா ஆன்ட்டிக்கு."

ஆரோக்கியமணி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இங்கேருந்து ஒரு துண்டும் மேல போவாது. வேணும்னா அவள இங்க வந்து திங்கச் சொல்லு!"

கோபத்தில் சொன்னாள். தமிழை அரைகுறையாகப் பேசும் அந்தப் பெண் அதை அழைப்பு என்று எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டது. இரண்டே நிமிடத்தில் நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு சுஷ்மா வந்து நின்றாள். வீடு தேடி வந்தவளை என்ன செய்வது? உட்காரச் சொன்னாள்.

சுஷ்மா தின்று பார்த்துவிட்டு அதிசயித்துப்போனாள். "எப்படிங்க்கா இது? எனக்கு மேல மட்டுந்தான் செவக்குது. அடியெல்லாம் கொழகொழன்னு ஒட்டிக்குது. இப்படி முழுசா எடுக்கவே முடியறதில்லைங்க."

பாலின் அளவைச் சொன்னாள். மிளகாயைச் சொன்னாள். பேக்கரியையும் சொன்னாள். பேப்பரைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஆரோக்கியமணியின் நாக்கு நின்றுவிட்டது.

"டின்னுல ஏதாச்சும் பண்ணுவீங்களாக்கா?"

அவள் தம்ளரில் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள். சுஷ்மா டானியாவைப் பார்த்தாள். ஆரோக்கியமணிக்குத் திக்கென்றது. பேப்பரை உரித்தவளே டானியாதான். சுஷ்மா ஆன்ட்டியிடம் எதையும் மறைக்கத் தெரியாத பெண். இதோ சொல்லிவிடப் போகிறாள்.

டானியா அம்மாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். நாற்காலி அருகே தரையில் கிடந்த பேப்பரைக் காலால் மெல்ல மேஜைக்கு அடியில் தள்ளினாள்.

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. மம்மியோட கையே அப்படி."

ஆரோக்கியமணி சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். திரும்பி வந்து, தனக்கென்று வைத்திருந்த முறுகிய ஓரத்தைச் சுஷ்மாவின் தட்டில் வைத்தாள். "சாப்பிடு. அடுத்த புதன்கிழமையும் இங்கயே வந்துரு" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.